கேபிள் சந்திரலேகா

சந்திரலேகா தெருவில் நடக்கும்போது எதிரில் வருகிறவர் முகத்தைப் பார்ப்பதில்லை. அண்ணாந்து வயரைப் பார்த்துக்கொண்டே போவார். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் ஊருக்குள் ஓடும் பருவம் இது. தொங்குகிற வயரில் ஒரு கரும்பு மாட்டி இழுத்தால் கீழத்தெரு முழுக்கப் படம் நின்றுவிடும். அதனால் கையில் எப்போதும் ஒரு கவைக்கம்பு. டிரைவர்களும் தூரத்திலேயே ஹாரன் அடித்துவிடுவார்கள். "மெதுவா போ மாமா, எம்பொழப்ப இஸ்துக்கினு போயிடாத" என்று வயரைத் தூக்கிப்பிடித்து வழிவிடுவார்.

புடவைக்கு மேலே கணவரின் முழுக்கைச் சட்டை, இடுப்பில் கட்டிங் பிளேயர், பல்லிடுக்கில் இன்சுலேஷன் டேப். கணவர் ராஜதுரை ஆலையில் வேலை பார்க்கிறார். ஏணியில் நாலு படி ஏறினாலே அவருக்குத் தலை சுற்றும். ஊரின் கேபிள் லைன் மொத்தமும் சந்திரலேகா இழுத்தது.

இரண்டு வருடமாக அதே கம்பங்களில் இன்டர்நெட் வயரும் போகிறது. அதற்கும் அவர்தான் ஏஜெண்ட். "ஒரே கம்பத்துல ரெண்டு வயரு. ஒண்ணு இன்னொண்ண துன்னுது. ரெண்டையும் நாந்தான் வளத்துக்கினு கீறேன்" என்பார். இன்டர்நெட் போட்ட வீட்டிலிருந்து சீக்கிரமே செட்டாப் பாக்ஸ் திரும்பி வந்துவிடும்.

ஆனால் யாரும் அதை வெறுமனே தருவதில்லை. இரவல் வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பக்கூடாது என்பது இந்த ஊர்ப் பெண்களின் வழக்கம். பாக்ஸும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டது. மேலே ஒரு பிடி வேர்க்கடலை, இரண்டு முருங்கைக்காய். மலையில் உறவு இருக்கிறவர்கள் வீட்டிலிருந்து ஒரு பை சாமை. சோற்றுத் தட்டைப் பார்த்ததும் ராஜதுரை ஆரம்பிப்பார்: "முருங்கக்கா கொழம்பா? இன்னிக்கு யாரு வூட்டு பாக்ஸு?"

அவர் கேலி செய்தாலும் விஷயம் கேலி இல்லை. ஊரில் நூறு பாக்ஸுக்குக் கீழே போனால் லைனைப் பக்கத்து ஊர் ஆபரேட்டரிடம் கொடுத்துவிடுவதாக, சிக்னல் தரும் கம்பெனியிலிருந்து சொல்லிவிட்டார்கள். சனங்களுக்குப் படம் வரும். சந்திரலேகாவுக்குக் கேபிள் இருக்காது. எண்ணிக்கை இப்போது நூறில் நிற்கிறது.

அந்த நூறில் ஒன்று சாலம்மாள் வீடு. கரும்பு வெட்டப் போகிறவர். மகன் கலையரசன் ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறான். போன வாரம் வந்து புது டிவி வாங்கி மாட்டி, சந்திரலேகாவிடமே இன்டர்நெட்டும் போட்டுவிட்டுப் போனான். நேற்று சாயங்காலம் சந்திரலேகா சாலம்மாள் வீட்டில் இருந்தபோது அவன் போனில் கூப்பிட்டான்.

"பாக்ஸ எடுத்துக்கினு போயிடுங்கக்கா."

"இருக்கட்டுமேடா. ஒரு ஓரமா கெடந்துட்டுப் போவுது."

"எரநூறு சேனல ஒண்ணா கட்டிக் குடுக்கறீங்க. எங்கம்மா பாக்கறது ரெண்டு. அதுவும் நெட்லயே வருது."

"கல்யாண வூட்ல எலையில வச்சத எல்லாமா துன்ற? புடிச்சத துன்னுட்டு எந்திரிச்சி வரல?"

"அதாங்கா. இப்ப புடிச்சத மட்டும் கேட்டு வாங்கிக்கறோம்."



போனை வைத்துவிட்டுத் திரும்பினால், சாலம்மாள் ரிமோட்டை மடியில் போட்டுக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். திரையில், கலையரசன் தன் கணக்கில் போட்டுக் கொடுத்த ஆப்பில், மூன்று வட்டம், மூன்று பெயர். கலையரசனும் அவனோடு அறையில் தங்கியிருக்கும் இரண்டு பேரும்.

"யாரு பாக்கறான்னு கேக்குதாம் லேகா, பையன் சொன்னான். அவன் பேருதான் கீது. எம்பேரு இல்ல. நான் எத அழுத்தறது?"

"அவன் பேரயே அழுத்தேன்க்கா."

"அழுத்தனேன். வெட்டுக்குத்தா வருது. என் சீரியலு எங்க கீதுன்னே தெர்ல. போவட்டும் போ, நான் சும்மா ஒக்காந்துக்கினு கீறேன். அதுவே யாரு வராங்கன்னு பாத்துக்கினு கெடக்கட்டும்."

இப்படித் திகைத்து நின்ற அம்மாக்கள் பத்து நாளில் மகனைத் திட்டிப் பாக்ஸைத் திரும்ப வரவழைத்த வீடுகள் ஊரில் உண்டு. சந்திரலேகா ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. "நாளைக்கு வந்து கழட்டறேங்க்கா" என்று சொல்லி நடையைக் கட்டினால் போதும், நூறு நூறாகவே நிற்கும். சொல்லவும் சொன்னார். வாசல்வரை போய்ச் செருப்பும் மாட்டிவிட்டார்.

உள்ளே சாலம்மாள் இன்னும் அந்த மூன்று வட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சந்திரலேகா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, மடியிலிருந்த ரிமோட்டை எடுத்தார். புதுப் பெயர் சேர்க்கும் இடத்தைத் தேடிப் பிடித்து, எழுத்தைத் தமிழுக்கு மாற்றினார். ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அழுத்தி, 'சாலம்மாள்' என்று அடித்தார். பெயருக்கு மேலே வைக்க வரிசையாகப் படங்கள் வந்தன.

"எந்த மூஞ்சிக்கா வேணும்?"

"சிரிச்சிக்கினு கீதே, அது."

அதை வைத்தார். சீரியலைத் தேடி எடுத்து ஓடவிட்டு, ரிமோட்டைச் சாலம்மாள் கையில் கொடுத்தார். பிறகு டிவிக்குப் பின்னால் குனிந்து தன் கேபிள் வயரைத் தானே கழற்றினார்.