சித்தி உட்கார்ந்தால் சாப்பிடுவாள்

என் மகள் சாப்பிடாமல் கிடந்த அந்த வருஷத்தைப் பற்றி யாராவது கேட்டால் டாக்டரைப் பற்றிச் சொல்வேன், ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொல்வேன். என் ஓர்ப்படியைப் பற்றி மட்டும் வாயைத் திறக்க மாட்டேன். அவள்மேல் எனக்கு அவ்வளவு பொறாமை. இப்போதாவது சொல்லித் தொலைக்கிறேன்.

அவள் என் வீட்டுக்காரரின் தம்பி மனைவி. சாலவாக்கம் பக்கம் எங்களுக்கு நெல் பயிர். ஒரே வீடு, நடுவில் ஒரு சுவர், அதில் ஒரு கதவு. அந்தப் பக்கம் அவள் அடுப்பு, இந்தப் பக்கம் என் அடுப்பு.

மகள் அப்போது பதினொன்றாம் வகுப்பு. உத்திரமேரூருக்கு டவுன் பஸ்ஸில் போய் வருவாள். ஆடி வெள்ளிக்கு விரதம் இருக்கப் போகிறேன் என்றாள். பூரித்துப் போனேன். பிறகு செவ்வாய், கிருத்திகை, சஷ்டி, புரட்டாசி சனி என்று விரதம் வளர்ந்துகொண்டே போனது. எனக்கு உறைக்கவில்லை. நடவுக்கு வந்த பெண்களிடம், "எங்க பாப்பாவுக்குக் கீற பக்தி இந்த ஊர்ல எவளுக்குக் கீது?" என்று பீற்றிக்கொண்டேன்.

முதலில் கண்டுபிடித்தவள் ஓர்ப்படிதான். "அக்கா, எனக்கு இது விரதமா தோணல. பொண்ணு வத்திக்கினே போவுது. டாக்டராண்ட காட்டலாம்" என்றாள். எனக்கு வந்ததே கோபம்! அவளுக்கு இரண்டும் பையன்கள். என் பெண்ணைப் பார்த்துப் பொருமுகிறாள் என்றே முடிவுகட்டினேன். அன்றைக்கே மகளை உட்காரவைத்து மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டேன், எல்லாம் அவள் கண்ணுக்காக.

அடுத்த மாதம் பள்ளிக்கூடப் பிரேயரில் மகள் மயங்கி விழுந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் பத்து நாள் படுக்கை. நாடித் துடிப்பு மிகவும் குறைந்திருக்கிறது என்றார்கள். மாதவிலக்கு நின்றுபோய் நாலு மாதமாகிறது என்பதையே அங்கேதான் சொன்னாள். பெற்றவள் எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா எங்கள் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசினார். "இது திமிரும் இல்ல, பக்தியும் இல்ல. நோய். யார்மேலயும் தப்பு இல்ல. சாப்பாடுதான் மருந்து. ஒவ்வொரு வேளையும் பெரியவங்க ஒருத்தர் கூட உட்காரணும். திட்டக் கூடாது, கெஞ்சக் கூடாது, தட்டுல மிச்சம் வைக்க விடக் கூடாது. எடை இறங்குச்சுன்னா திரும்பவும் அட்மிட் பண்ணணும், அவ இதயம் தாங்காது." பிறகு மகளைப் பார்த்து, "யார் உட்கார்ந்தா உனக்குச் சரிப்படும்?" என்று கேட்டார்.

"சித்தி" என்றாள். யோசிக்கக்கூட இல்லை, பாவி மகள்.

அன்றிலிருந்து என் வயிற்றெரிச்சலைக் கேட்கவே வேண்டாம். சமைப்பவள் நான். தட்டை எடுத்துக்கொண்டு கதவைத் தாண்டிப் போய்ச் சித்தியின் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுபவள் மகள். ஓர்ப்படி பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. மாடு உதைத்த கதை சொல்வாள், சீரியலில் வருகிறவளைத் திட்டுவாள். மகள் பாதியில் கையை உதறினால், "இன்னா அவசரம்? ஒக்காரு. முடிச்சிட்டுப் போ" என்பாள், அவ்வளவுதான். ஒரு மணி நேரமானாலும் அசைய மாட்டாள். தட்டு காலியாக வரும். குழம்பு என்னுடையது, பேர் அவளுடையது! எடை மெல்ல ஏறியது. நானோ தட்டைக் கழுவிக்கொண்டே அவளை மனசுக்குள் திட்டுவேன்.

தன் தம்பி கல்யாணத்துக்கென்று அவள் புள்ளலூருக்குப் பத்து நாள் கிளம்பியபோது எனக்கு உள்ளூரச் சந்தோஷம். "நான் பாத்துக்கறேன், நீ நிம்மதியா போய்ட்டு வா" என்றேன். இவள் இல்லாமலும் என் பெண் சாப்பிடுவாள் என்று காட்டிவிட வேண்டும்.

முதல் வேளையிலேயே தோற்றுப்போனேன். மகள் இட்லியைப் பிய்த்துப் பிய்த்து வைத்தாள். கெஞ்சினேன், என் தலையில் கை வைத்துச் சத்தியம் கேட்டேன், கடைசியில் அழுதேன். அவளும் அழுதாள். "சரிம்மா, பாதி போதும், எழுந்துக்கோ" என்று நானே தட்டை எடுத்தேன். மறுநாள் பாதி காலானது.

ஓர்ப்படி தினமும் போன் செய்வாள். "முழுசா துன்னுச்சா அக்கா?"

"தட்டையே வழிச்சிட்டா" என்பேன். வாய் கூசவில்லை.

அவள் திரும்பி வந்த மறுநாள் நாங்கள் மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எடை நன்றாக இறங்கியிருந்தது. டாக்டரம்மா என்னைக் கேட்டார். "எல்லா வேளையும் முழுசா சாப்பிட்டா" என்றேன். மகளும் தலையாட்டினாள். அவளுக்கு அந்தப் பொய் வசதியாக இருந்தது. "முழுசா சாப்பிட்டும் இறங்கினா உள்ள வேற ஏதோ இருக்கு. இன்னைக்கே அட்மிட் பண்ணி, ஒவ்வொரு டெஸ்ட்டா பார்க்கலாம்" என்று அவர் பேனாவை எடுத்தார். ஓர்ப்படி என்னைத் திரும்பிப் பார்த்தாள். தெரிந்துவிட்டது அவளுக்கு. ஆனாலும் காட்டிக்கொடுக்கவில்லை. அது இன்னும் எரிந்தது.

"பொய் சொன்னேன் டாக்டர். பாதிகூடச் சாப்பிடல. இவ இல்லாம முடியாதுன்னு சொல்ல மனசு வரல."

டாக்டரம்மா திட்டவில்லை. மகளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "நான் துன்னாலும் அம்மா அழுவாங்க, துன்னலன்னாலும் அழுவாங்க. அவங்க அழறத பாத்துக்கினு எனக்குத் தொண்டைல எறங்கல. சித்தி அழாது."

இத்தனை மாதம் ஓர்ப்படி என்ன மாயம் செய்கிறாள் என்று சுவரைப் பார்த்துப் பொருமிக்கொண்டிருந்தேன். இதுதானா! டாக்டரம்மா நாடியைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் தவணை கொடுத்தார். அதற்குள் ஏறவில்லையென்றால் படுக்கைதான்.

சாயங்காலம் இட்லி ஊற்றினேன். தட்டை மகளிடம் கொடுக்காமல் நானே ஓர்ப்படியிடம் கொடுத்தேன். "நீயே ஒக்காரு. இனிமே நான் நடுவுல வரல."

"நீயும் வாயேன் அக்கா" என்றாள்.

"வேணாம். அழுதுடுவேன்."

சுவருக்கு இந்தப் பக்கம் நின்றேன். மாட்டுக் கதை கேட்டது. ரொம்ப நேரம் கழித்து ஓர்ப்படியின் குரல். "அக்கா, பாப்பா சட்னி கேக்குது. தேங்கா சட்னி!"

ஒரு வருஷமாக என் மகள் தேங்காய் என்றால் பத்தடி தள்ளி நின்றவள். அரைத்துக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு போனேன். கண்ணிலிருந்து நிற்காமல் வடிந்துகொண்டிருந்தது. கதவோரத்தில் நின்று கையை மட்டும் உள்ளே நீட்டினேன். கிண்ணத்தை யார் வாங்கினார்கள் என்று நான் பார்க்கவில்லை.