நித்யகல்யாணி கழுவிய டிஸ்க்

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் வீட்டில் ரோஜாச் செடி இருக்கும், இல்லையென்றால் பேரப்பிள்ளைகள் இருப்பார்கள். மலேசியாவில், ஈப்போ புந்தோங்கில் எங்கள் வீட்டில் இருப்பவை நாற்பது வருஷத்துப் பழைய கணினிக் கையேடுகள். விருந்தாளிகளுக்கென்று கட்டிய அறையில் அவற்றைக் குடிவைத்திருக்கிறாள் என் மனைவி நித்யகல்யாணி. வரும் விருந்தாளிகள் கூடத்தில் பாய் விரித்துக்கொள்கிறார்கள்.

அவள் பீடோர் பக்கம் ஒரு கித்தாத் தோட்டத்து, அதாவது ரப்பர்த் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவள். எண்பத்தேழில் தோட்டத்துக்கு முதல் கணினி வந்தபோது பெரிய கிராணி அதைத் தொடவே பயந்தார். கடைசியில் அது இவள் தலையில் விழுந்தது. தோட்டத்து ஆட்கள் அத்தனை பேருடைய விவரத்தையும் பழைய ரிஜிஸ்டரிலிருந்து பார்த்துப் பார்த்து அதில் ஏற்றினாள். பிறகு தோட்டம் கைமாறி, கித்தாவை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை நட்டார்கள். ரிஜிஸ்டர்களும் கணினியும் குப்பை லாரியில் ஏறின. இவள் மட்டும் ஏழு கையேடுகளையும் ஒரு பெட்டி ஃப்ளாப்பி டிஸ்க்கையும் கேட்டு வாங்கி வந்தாள். "ஒரு மேசை நாற்காலியாவது கேட்டிருக்கலாமே" என்றேன். அன்றிலிருந்து நான் சொல்வதை அவள் காதில் போட்டுக்கொள்வதில்லை.

இப்போது பினாங்கிலிருந்தெல்லாம் பழைய கையேடுகள் எங்கள் வீடு தேடி வருகின்றன. பூச்சி அரித்த தாளை மயிலிறகால் தட்டி, பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றுகிறாள். பழைய டிஸ்க்கில் இருப்பதைப் படியெடுத்து, மடிக்கணினியைப் பழைய கணினி போல நடிக்க வைத்து, அதில் ஓட்டிப் பார்க்கிறாள். பின்லாந்திலிருந்து ஒருவர் நன்றி சொல்லிக் கடிதம் எழுதினார். பக்கத்து வீட்டுக்குப் புரியாத வேலை பின்லாந்துக்குப் புரிகிறது.

ஊரார் டிஸ்க்கையெல்லாம் படியெடுத்தவள் தன் தோட்டத்து டிஸ்க்கை மட்டும் அப்புறம் பார்க்கலாம் என்று வைத்திருந்தாள். வைத்தியர் வீட்டுப் பிள்ளைக்கு மருந்து கடைசியில்தான்.

சென்ற ஆண்டு தைப்பூசம் முடிந்த வாரம் நல்லம்மாள் வந்தார். அதே தோட்டத்தில் பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டியவர்.

"கல்யாணிக்கா, நான் இங்கயே பொறந்தவ. இன்னும் கையில செவப்பு ஐ.சி.தான் இருக்கு" என்றார்.

சிவப்பு அடையாள அட்டை என்றால் இந்த நாட்டில் தங்கலாம், ஆனால் குடிமகள் இல்லை. ஓட்டும் கிடையாது. பிறப்புப் பத்திரம் எப்போதோ தொலைந்துவிட்டது. அட்டையில் இருக்கும் 1963 என்ற ஆண்டு, யாரோ குத்துமதிப்பாகச் சொன்னது. அறுபத்திரண்டு அக்டோபருக்கு முன் இங்கே பிறந்ததாகத் தெரிந்தால் சட்டப்படி குடியுரிமை உண்டாம். பத்திரத்தின் எண் கிடைத்தால் தேடிப் பார்க்கலாம் என்று பதிவு இலாகாவில் சொல்லியிருக்கிறார்கள்.

"அந்த நம்பருக்கு ரிஜிஸ்டர்ல ஒரு கட்டம் இருந்துச்சு. நானே ஏத்தியிருக்கேன். டிஸ்க் இருக்கு, வாங்க பாக்கலாம்" என்று பெட்டியைத் திறந்தாள் கல்யாணி. ஆட்கள் விவரம் இருந்த டிஸ்க்கை வெளியே எடுத்தாள். அதை என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

இந்த இடத்தில் நான் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் சரஸ்வதி பூஜைக்குப் புத்தகம் அடுக்குவது நான்தான். நல்லம்மாள் வருவதற்கு முந்தைய பூஜையில் கையேடுகளுக்குப் பொட்டு வைத்த கையோடு, டிஸ்க்கும் கல்விதானே என்று ஒவ்வொன்றாக உறையிலிருந்து எடுத்தேன். கறுப்பு அட்டையில் ஒரு திறப்பு, பொட்டு வைக்கவே விட்ட இடம் போல இருந்தது. சந்தனத்தைக் குழைத்து அதிலேயே வைத்தேன். கணினி படிக்கும் இடம் அது ஒன்றுதான் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

"எத்தன டிஸ்க்குக்கு வச்சீங்க?" என்றாள் கல்யாணி.

"எல்லாத்துக்கும்."

"குங்குமமுமா?"

"வெறும் சந்தனம் வச்சா நல்லாருக்காதேன்னு..."

"சாமிக்கு வச்சதுதானே அண்ணே, ஒன்னும் ஆகாது லா" என்று நல்லம்மாள் எனக்கு ஆறுதல் சொன்னார். அவர் வாழ்க்கையே அந்தப் பொட்டுக்குக் கீழே கிடக்கிறது, அவர் எனக்கு ஆறுதல் சொல்கிறார்.

கல்யாணி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அட்டையின் ஒரு விளிம்பைக் கத்தரித்து, உள்ளே இருந்த மெல்லிய வட்டத்தை எடுத்தாள். வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு விட்டு, தேய்க்காமல், பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோல அலசினாள். பின் காய்ச்சி வடித்த நீரில் ஒரு முறை. உதவப் போன என்னை வாசற்படியில் உட்காரச் சொல்லிவிட்டாள். மறுநாள் நல்லம்மாளை வரச் சொல்லி, காய்ந்த வட்டத்தை வேறொரு டிஸ்க்கின் அட்டைக்குள் நுழைத்துப் படிக்க விட்டாள். கரகரவென்று சத்தம் போட்டது. நான் திருநீறு பூசிக்கொண்டேன், என் நெற்றியில் மட்டும்.

டிஸ்க்கில் மூன்று இடங்கள் போயே போயின. மற்றதெல்லாம் வந்தது. நல்லம்மாள், தகப்பன் பெயர் சின்னையா. பத்திர எண்ணும் முழுசாக இருந்தது. பிறந்த தேதி இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் 22518 என்று இருந்தது.

"இதென்னக்கா, லாட்டரி நம்பரா?" என்றார் நல்லம்மாள்.

கல்யாணி மூன்றாவது கையேட்டைப் புரட்டினாள். ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஜனவரி முதல் தேதியிலிருந்து எத்தனையாவது நாள் என்றுதான் தோட்டத்துக் கணினியின் நிரல் தேதியை வைத்துக்கொள்ளுமாம். கணக்குப் போட்டாள்.

"அறுபத்தொன்னு ஆகஸ்டு இருபத்தாறு, நல்லம்மா. சனிக்கிழமை."

"ரெண்டு வயசு கூடிப்போச்சா?" என்று கேட்டுவிட்டு நல்லம்மாள் சிரித்தார். வயது கூடியதற்கு ஒரு பெண் இவ்வளவு சந்தோஷப்பட்டு அன்றுதான் பார்த்தேன்.

அந்த எண்ணை வைத்து இலாகாவில் பத்திரத்தைக் கண்டெடுத்தார்கள். எட்டு மாதத்தில் குடிமக்களுக்கான நீல அட்டை கிடைத்தது. நல்லம்மாள் இலாகாவிலிருந்து நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். கல்யாணி அட்டையை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, தேதியைச் சரிபார்த்தாள். நான் எல்லாம் தெரிந்தவன் மாதிரி, அடுத்த தேர்தலில் யாருக்கு ஓட்டுப் போடலாம் என்று ஆரம்பித்தேன்.

"அத மட்டும் சொல்லாதீங்க அண்ணே" என்றார் நல்லம்மாள். "எப்ப எந்திரிக்கணும், எந்த மரத்த வெட்டணும், எல்லாம் அடுத்தவங்க சொல்லித்தான் செஞ்சேன். இத நானே போட்டுக்கறேன்."