மேற்படி

எழுபதுகளில் அரியலூரில் நான் குமாஸ்தாவாக இருந்த ஆபீசில், ஃபைல் எடுப்பவர்கள் ஃபைல் நம்பர், பெயர், நேரம், காரணம் எழுத ஹெட் கிளார்க் ஒரு பதிவேடு போட்டார். ஏதோ திறப்பு விழா மாதிரி, முதல் வரியில் தன் பெயரையே எழுதிக்கொண்டார் அந்த மகா புத்திசாலி. அதன்பின் எடுத்த சோம்பேறிகள் எல்லோரும், நான் உட்பட, நம்பருக்கு நேரே எழுதியது ஒரே சொல்தான்: ‘மேற்படி’.

ஒரு வருஷம் கழித்து, செந்துறைக்காரர் ஒருவரின் பட்டா ஃபைலைக் காணோம்.

“எவன் எடுத்தான்னு பதிவேட்டைப் பாருய்யா!” என்று குதித்தார் ஹெட் கிளார்க்.

அந்த ஃபைல் நம்பருக்கு நேரே ‘மேற்படி’. பின்னோக்கிப் புரட்டினேன்; பக்கத்துக்குப் பக்கம் மேற்படி. முதல் வரியில்தான் ஒரு பெயர் கிடைத்தது.

“நீங்கதாங்க சார்,” என்றேன்.

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘சரிபார்த்தேன்’ என்று அவர் கையெழுத்து வேறு.