மகளின் கணினியில் நான் மாற்றிய பைப்

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். மண்வெட்டி பிடித்துக் குழி தோண்டப் போய், பைப் ஒட்டக் கற்று, மோட்டார் இறக்கக் கற்று, பிறகு சொந்தமாக ஆள் வைத்து வேலை எடுத்தேன். ஆத்தூரிலிருந்து வத்தலக்குண்டு வரை எத்தனையோ தோட்டங்களில் இன்றைக்கும் தண்ணீர் பாய்வது நான் போட்ட பைப்பில்தான். இன்ஜினியருக்குப் படித்தவர்களே பிளானை நீட்டி, "அண்ணே, இது சரியா வருமா?" என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அப்படிப்பட்டவன் ஒரு கணினியிடம் தோற்றேன்.

கல்யாணம் முறிந்து என் மகள் வீட்டுக்கு வந்தபோது இரண்டு பெட்டித் துணியும் அந்தக் கணினியும்தான் கொண்டுவந்தாள். கட்டப்போகும் வீடுகளைக் கட்டி முடித்த மாதிரியே படமாக்கிக் காட்டுவது அவள் தொழில். அவள் அம்மா போன பிறகு நான் ஒற்றை ஆளாகக் கிடந்த வீடு அது. மாடி அறையை அவளுக்கு ஒழித்துக் கொடுத்தேன். இனி அவள் இங்கேயே இருந்துவிட வேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை.

கணினியின் ஒரு பக்கம் கண்ணாடி. உள்ளே குழாய்களில் நீலத் தண்ணீர் ஓடியது. அடியில் கைக்கு அடக்கமான மோட்டார், அதற்குச் சற்று மேலே தண்ணீர்க் குடுவை. மோட்டார் தள்ளும் தண்ணீர் முதலில் பிராசசருக்குப் போனது. பிறகு ரேடியேட்டர், கடைசியாகப் படம் வரையும் கார்டு, மறுபடி குடுவை. பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏத்தா, இதுல ரொம்பச் சூடாகறது எது?"

"கார்டுதான்ப்பா."

"அதைக் கொண்டுபோயிக் கடைசியில வச்சிருக்க? மொதப் பாத்திக்குப் பாயிற வேகத்துல கடைசிப் பாத்திக்குப் பாயுமா?"

சிரித்தாள். வந்த பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "தோட்டத்துல வழி நெடுகத் தண்ணி வெளிய போயிருதுல்ல. இது மூடின சுத்துப்பா. ஒரு சொட்டு வெளிய போகாது. அதனால எல்லா எடத்துலயும் ஒரே அளவுதான் ஓடும். ஒவ்வொண்ணும் கொஞ்சம் பிரஷரத் தின்னும், சரி. முன்னால வச்சாலும் பின்னால வச்சாலும் மொத்தமாத் தின்னுறது அம்புட்டுத்தான்."

"அப்ப எப்படி வேணா மாட்டலாமா?"

"மோட்டாருக்கு மேல குடுவை இருக்கணும். அது ஒண்ணுதான் முக்கியம்."

எனக்காக ஒருமுறை வரிசையை மாற்றி ஓட்டியும் காட்டினாள். ஓட்டத்தைக் காட்டக் குழாயில் வைத்திருந்த குட்டிச் சக்கரம் அதே வேகத்தில் சுற்றியது. சூடும் ஏறக்குறைய அதேதான். தலையாட்டினேன். மனசு ஒப்பவில்லை. தண்ணீரைப் பற்றி எனக்குச் சொல்ல ஒருத்தி முளைத்துவிட்டாளா என்றிருந்தது.

அவள் மதுரைக் கோர்ட்டுக்கு விவாகரத்து வாய்தாவுக்குப் போன நாளில் கணினிப் பெட்டியைத் திறந்தேன். களைத்து வருவாள், கணினி குளிர்ச்சியாக ஓடினால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். தண்ணீரை வடித்து, மோட்டாரைக் கழற்றிக் கார்டுக்குப் பக்கத்தில் மேலே ஏற்றி, நேராக ஒரு குட்டைக் குழாய் கொடுத்தேன். குடுவை கீழேயே நின்றது. நிரப்பிப் பெட்டியைச் சாய்த்து ஆட்டினேன். தண்ணீர் ஓடியது.

சாயங்காலம் வந்தாள். மறுநாள் காலையில் ஒரு வேலையை முடித்துக் கொடுக்க வேண்டும். இங்கே வந்த பிறகு அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. கணினி கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு மணலை அரைக்கிற மாதிரி ஒரு சத்தம், தானாக அணைந்தது. குடுவை கீழே இருந்ததால் மோட்டார் காற்றுப் பிடித்து, தண்ணீரில்லாமல் ஓடிக் கருகிவிட்டது. தண்ணீர் நிரப்பாமல் மோட்டாரைப் போட்டதற்காக எத்தனை பேரைக் கிணற்று மேட்டில் வைத்துத் திட்டியிருக்கிறேன்.

மறுநாள் கருகிய மோட்டாரைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கடை கடையாக ஏறினேன். "என்னண்ணே, மீன் வளக்கிறீங்களா?" என்றான் எனக்குப் பழக்கமான கடைக்காரன். ஊரில் எங்கும் கிடைக்கவில்லை. வேலை வேறு யாருக்கோ போனது.

அவள் திட்டியிருந்தால் தேவலை. "நல்லதுக்குத்தான் செஞ்சீங்கன்னு தெரியும்ப்பா," என்றாள். "அங்கயும் இப்படித்தான். நான் வச்சது வச்ச எடத்துல இருக்காது. கேட்டா, ஒன் நல்லதுக்குத்தானேம்பாங்க."

அவள் புகுந்த வீட்டாரை வாய் ஓயாமல் ஏசியவன் நான்.

சென்னையிலிருந்து புது மோட்டார் வந்தது. எல்லாவற்றையும் பழையபடி மாட்டினாள். அடுத்த வாரமே கோயம்புத்தூரில் தோழியோடு தங்க அறை பார்த்துவிட்டாள். மாடிக்குத் தனிப் பூட்டுப் போட்டுச் சாவியை உன்னிடமே தந்துவிடுகிறேன் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். "கோவிச்சுக்கிட்டுப் போகலப்பா," என்றாள். அது நிஜம். அதுதான் தாங்க முடியவில்லை.

போகும் நாளில் தண்ணீரை வடிக்க வேண்டியிருந்தது. அதோடு வண்டியில் ஏற்றக்கூடாதாம். தரையில் உட்கார்ந்து, ஒரு பேசின் வைத்து, கனத்த பெட்டியை ஒரு கையால் சாய்த்துப் பிடித்தபடி மறு கையால் மூடியைத் தேடினாள். நான் அறை வாசலில் நின்றேன். தண்ணீர் வேலையில் யாரிடமும் அனுமதி கேட்டுப் பழக்கமில்லாதவன்.

"பிடிக்கட்டுமாத்தா?"

நிமிர்ந்து பார்த்தாள். கொஞ்சம் யோசித்தாள்.

"வேணாம்ப்பா. நானே பாத்துக்கிறேன்."

வண்டி வந்துவிட்டதா என்று பார்க்கக் கீழே இறங்கினேன்.