விஜயாவிடம் பில் இல்லை

போன செவ்வாய், காலை பதினொன்று பத்து. (மணி பார்க்காமல் எனக்கு எதுவும் நடந்ததில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.) திருமழிசை தொழிற்பேட்டையில், பம்ப் உதிரி பாகங்கள் செய்யும் நண்பர் கோதண்டத்தின் பட்டறையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

அன்று ஆடிட். அவரிடம் சரக்கு வாங்கும் பெரிய கம்பெனியின் ஆய்வாளர் வந்திருந்தார். அவர் கையெழுத்துப் போட்டால்தான் ஆர்டர். போடாவிட்டால்... பதினோரு பேர் வேலை போச்சு.

எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. கடைசியில் ஆய்வாளர் கம்ப்யூட்டரைக் காட்டிக் கேட்டார். "டிராயிங் போடற சாஃப்ட்வேருக்கு பில் எங்கே?"

பில்லா?

முன்பு அங்கே ஓடியது திருட்டுக் காப்பி. வரைபடம் போடும் விஜயாதான் பிடிவாதமாக அதைத் தூக்கிவிட்டு, யாரும் இலவசமாக எடுத்துத் திருத்திப் பகிரக்கூடிய ஓப்பன் சோர்ஸ் மென்பொருளைக் கொண்டுவந்தார். பழைய வரைபடங்கள் அத்தனையையும் ஐந்து மாதம் உட்கார்ந்து மறுபடி வரைந்தார்.

வேடிக்கை என்னவென்றால், திருட்டுக் காப்பிக்கு பில் இருந்தது! கம்ப்யூட்டர் கடைக்காரர் உபயம்.

கோதண்டம் விஜயாவை ஓரம் கட்டினார். "கடைக்கு ஒரு போன் போடறேன்மா. அப்போ குடுத்தான்ல? இதுக்கும் ஒண்ணு குடுப்பான். வாட்ஸ்அப்ல ஒடனே வந்துடும்."

"சும்மா இருண்ணே. திருட்டுக்கு பில் வெச்சிருந்தோம், சரி. நேர்மையா கீறப்போ பொய் பில்லா?"

"பதினோரு ஊடும்மா!"

"அதுல ஒண்ணு என் ஊடு."

சொல்லிவிட்டு நேராக ஆய்வாளரிடம் போனார். உரிம வாசகத்தைத் திரையில் காட்டினார். "யார் வேணா யூஸ் பண்ணலாம்னு இதுலயே கீது சார்."

ஆய்வாளர் உதட்டைப் பிதுக்கினார். "ஆபீஸ்ல பில் நம்பர் கேப்பாங்களேம்மா..."

விஜயா அந்த மென்பொருளை உருவாக்கியவர்களின் பட்டியலைத் திறந்தார். உலகம் முழுக்கப் பெயர்கள். கீழே, தமிழாக்கம் செய்தவர்கள் வரிசையில் - விஜயா, திருமழிசை.

"நீங்களா?"

"மெனுவுல பாதி தமிழ் நான் போட்டது சார். தப்பு இருந்தா சொல்லுங்க, மாத்திடலாம்."

ஆய்வாளர் தன் போனிலும் அதே பட்டியலைத் தேடிப் பார்த்தார். இருந்தது. படிவத்தில் பில் எண் கட்டத்தில் 'தேவையில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மணி பன்னிரண்டு ஐந்து.

வாடிக்கையாளருக்குத்தானே பில்? பங்காளிக்கு எதற்கு!

வீட்டுக்கு வந்ததும் என் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன். பில்லும் இல்லை... எந்தப் பட்டியலிலும் என் பெயரும் இல்லை.