ஆயிரத்து அறுநூற்றைம்பத்தெட்டும் ஹென்னி அன்ரியின் கல்வாழையும்

கல்வாழை இலையில் சுடுசோறு விழுந்ததும் எழும்புகிற பச்சை மணத்தைப் பற்றி எழுதவேண்டும் என்று எத்தனையோ வருடமாக நினைத்திருக்கிறேன். பேனாவை எடுப்பதும், அம்மா இருக்கும்வரை வேண்டாம், அப்பாவுக்கு மனம் நோகும் என்று திரும்ப வைப்பதுமாகவே காலம் போய்விட்டது. இருவரும் இப்போது சிவனடி சேர்ந்துவிட்டார்கள். நான் அதிகம் படித்தவளில்லை. நாலாம் ஃபோம், அதாவது பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தையல் தொழிற்சாலைக்குப் போனவள். பிள்ளையாரை நினைத்துக்கொண்டு நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

எழுபதுகளின் நடுவில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, மெல்பேர்னில் நோபல் பார்க்கில் ஒரு பலகை வீட்டை வாடகைக்கு எடுத்து இருந்தோம். அப்பாவுக்குக் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை. போய்க் கும்பிட ஒரு கோயில் கிடையாது. குசினி அலுமாரியின் மேல்தட்டுத்தான் எங்கள் "சாமியறை". அம்மாவுக்கு இங்கிலீசு நாலு சொல்லுக்கு மேல் வராது, தெருவில் தமிழ் பேசவும் ஒருவரும் இல்லை. அப்படியிருந்தும் அம்மாவுக்கு ஒரு சிநேகிதி கிடைத்தார் என்றால் அது பக்கத்து வீட்டு ஹென்னி அன்ரிதான். இரண்டாம் உலகச் சண்டைக்குப் பிறகு ஒல்லாந்திலிருந்து, அதாவது நெதர்லாந்திலிருந்து, புருசனோடு கப்பலேறி வந்து, அவரையும் பறிகொடுத்து, சுவரில் ஊசல் ஆடுகிற ஒரு பெரிய மணிக்கூட்டைத் துணைக்கு வைத்துக்கொண்டு தனியே வாழ்ந்த மனுசி.

அம்மா வெள்ளிக்கிழமை விரதகாரி. விரதச்சோறு இலையில்தான் சாப்பிடவேண்டும். அந்தக் குளிர் நாட்டில் அந்தக் காலத்தில் வாழையிலைக்கு எங்கே போவது? ஹென்னி அன்ரியின் வேலியோரம் கல்வாழை செழித்து நின்றது. அம்மா ஒருநாள் கையைக் காட்டிக் கேட்க, அன்றிலிருந்து வெள்ளிதோறும் அவரே நல்ல இலையாகப் பார்த்து வெட்டி, கழுவி, வேலிக்கு மேலால் நீட்டுவார். எதற்கென்று மட்டும் அம்மா சொல்லவில்லை. "இலையில சாப்பிடுறதெண்டு இவையளுக்குச் சொல்லிப்போடாதை, காட்டுச்சனம் எண்டு நினைப்பினம்" என்று அப்பா தடுத்திருந்தார். ஹென்னி அன்ரியோ நாங்கள் கொல்லைப்புறத்தில் களவாக ஓர் ஆடு வளர்க்கிறோம் என்று முடிவுகட்டிவிட்டார். கவுன்சில்காரருக்குச் சொல்லமாட்டேன், ஆட்டை ஒருக்காலாவது காட்டு என்று ஒவ்வொரு வெள்ளியும் பகிடி பண்ணுவார். ஆடு மாதிரிக் கத்தியும் காட்டுவார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பா. அந்த வாரத்திலேயே அம்மா சிரிக்கிற சிரிப்பு அது ஒன்றாகத்தான் இருக்கும்.

சாப்பிட்டு முடிந்ததும் அம்மா இலையை மடித்து, பின்பக்கத்து முக்காலியில் ஏறிக் கூரைத்தாவாரத்தில், மழைத்தண்ணி ஓடுகிற பீலிக்குப் பின்னால் செருகுவா. ஏனென்று நான் கேட்டதற்கு, "விரத இலை கால்மிதிபடக் கூடாது, பிள்ளை" என்றா. அப்பாவின் காரணம் வேறு. போர்த்துக்கேயப் பறங்கியரும் அவர்களுக்குப் பின் ஒல்லாந்தரும் ஆண்ட காலத்தில் விரதம் பிடித்தால் தண்டனை, அதனால்தான் எங்கள் சனம் இலையைக் கூரைக்குள் ஒளித்துப் பழகியது என்பார்.

அந்த வருடம் பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் பதினேழாம் நூற்றாண்டில் ஒரு வருடத்தைக் கொடுத்து, அந்த வருடம் உலகத்தில் நடந்ததை நாலு கட்டம் போட்ட ஒரு மட்டையில் எழுதி வரச்சொன்னார்கள். எனக்கு வந்தது 1658. அப்பா வேலையால் வரும்வரை பொறுக்கமாட்டாமல் ஹென்னி அன்ரியிடம் ஓடினேன். அவர் தன் மொழியிலிருந்த தடித்த புத்தகங்களை மேசையில் பரப்பி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, அந்த வருடம் முழுக்கத் தங்கள் ஆட்களுடைய வருடம் என்று கண்டுபிடித்துப் பெருமைப்பட்டார். ஊசல் மணிக்கூட்டைப் பற்றி ஒல்லாந்து விஞ்ஞானி ஒருவர் புத்தகம் போட்டது அந்த வருடம். சொல்லும்போதே சுவர் மணிக்கூட்டை ஒருதரம் தடவிவிட்டார். இரத்தத்துக்குள் சிவப்பு அணுக்கள் மிதப்பதை அந்த நாட்டு இளைஞர் ஒருவர் உருப்பெருக்கியில் கண்டதும் அந்த வருடந்தானாம். இதே அவுஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் உடைந்துபோன தங்கள் கப்பலின் ஆட்களைத் தேடி வந்த இன்னொரு கப்பல், அவர்களைக் காணாததுமல்லாமல், கரைக்கு அனுப்பிய தன் படகையும் ஆட்களையும் விட்டுவிட்டுப் போய்விட்டதாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கியது.

மட்டையில் ஒரு கட்டம் மிஞ்சியது. அப்பா பார்த்தார். 1658 என்றதும் அவர் முகமே மாறிவிட்டது. யாழ்ப்பாணக் கோட்டை பறங்கியர் கையிலிருந்து ஒல்லாந்தர் கைக்குப் போன வருடமல்லவா! பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இங்கிலீசில் சொல்லச்சொல்ல என்னை எழுத வைத்தார். கோட்டை விழுந்தது, கோயிலுக்குத் தடை வந்தது, விரதம் பிடித்தவர்கள் இலையைக் கூரையில் ஒளித்தார்கள், இன்றைக்கும் எங்கள் வீட்டில் அந்த வழக்கம் உண்டு. "எழுது பிள்ளை, இவையளுக்கும் தெரியட்டும்" என்றார். இலையில் சாப்பிடுவதைச் சொல்லாதே என்றவரும் அவர்தான். சரித்திரம் என்று வந்தபோது அவருக்கு வெட்கம் இருக்கவில்லை.

பெற்றோரை அழைத்த நாளில் எல்லா மட்டைகளும் சுவரில் தொங்கின. ஹென்னி அன்ரியையும் நான் கூப்பிட்டிருந்தேன். பாதி மட்டை அவருடையதுதானே. முத்துமாலை போட்டு, பெரிய தொப்பி வைத்து வந்தார். மணிக்கூட்டைப் படித்துச் சிரித்தார், இரத்தத்தைப் படித்துத் தலையாட்டினார், கப்பலைப் படித்தார். கடைசிக் கட்டத்தில் நின்றவர் நகரவேயில்லை. பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி, அம்மாவுக்கு விளங்கவேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாக இங்கிலீசில் கேட்டார்:

"அப்ப, ஆடு இல்லை. என்ர இலையை எனக்குத்தான் ஒளிச்சனியா?"

அது பழைய சரித்திரம், உங்களைச் சொல்லவில்லை என்று அப்பா அவசரமாக ஏதோ விளக்கினார். ஹென்னி அன்ரி அவரைப் பார்க்கவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார். கேள்வி அம்மாவுக்கு விளங்கிவிட்டது. சேலைத் தலைப்பை விரலில் சுற்றியபடி நின்றா.

அடுத்த வெள்ளி இலை வேலியின் மேல் இருந்தது. கழுவித்தான் இருந்தது, ஆனால் நீட்டுவதற்குக் கை இல்லை. அதற்கடுத்த வெள்ளிகளிலும் அப்படித்தான். உங்களுக்கு ஒளிக்கவில்லை என்று இங்கிலீசில் சொல்ல அம்மாவுக்குப் பழக்கித் தருகிறேன் என்றேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தா. தலை நிமிராமலே சொன்னா:

"ஒளிச்சது ஒளிச்சதுதானே, பிள்ளை. ஆடு எண்டு அவ சொல்லேக்கை நான் சிரிச்சுக்கொண்டு நிண்டனான். இப்ப பொய் சொல்லி ஏமாத்த ஏலாது. ஒரு வெள்ளிக்குக் கூப்பிட்டு, எங்களோட இருத்தி, அவவின்ர இலையிலயே சோறு போடுவம். எல்லாம் விளங்கும்."

அப்பாவும் அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. ஆனால் அதற்குள் பனி விழுந்து கல்வாழை கருகிவிட்டது. சாப்பாட்டுக் கோப்பையில் போட்டுக் கொடுத்தால் என்ன என்று நான் கேட்க, இலையில்லாமல் கூப்பிடுவதில் அர்த்தமில்லை, துளிர்க்கட்டும் என்றா அம்மா. குளிர்காலம் முழுக்க அந்த வெறும் பாத்தியைக் குசினி ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தா. துளிர்க்கத் தொடங்கிய கிழமை அந்த வீட்டு முற்றத்தில் விற்பனைப் பலகை நின்றது. ஹென்னி அன்ரி அடிலெய்டில் தமக்கையோடு இருக்கப் போய்விட்டதாகத் தபால்காரர் சொன்னார். எங்களிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை. புதிதாக வந்தவர்கள் கல்வாழையைக் கிழங்கோடு கிண்டி எறிந்து சீமெந்து போட்டார்கள். அம்மா அதற்குப் பிறகும் விரதத்தை விடவில்லை. முக்காலியில் ஏறியதை மட்டும் நான் காணவில்லை.

இப்போது நான் சிட்னியில், நார்த்மீட்டில், மகள் வீட்டோடு இருக்கிறேன். கும்பிடக் கோயில் இருக்கிறது, கடையில் வாழையிலை கட்டாக உறைந்து கிடக்கிறது. பீலிக்கு வலை அடித்தாயிற்று, செருக இடமில்லை. தகர வேலி ஆளுயரத்துக்கு நிற்கிறது. அதற்கு மேலால் எதையும் நீட்ட முடியாது. அந்தப் பக்கத்தில் இருப்பவர்களின் பெயரும் எனக்குத் தெரியாது.

வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இதை உங்கள் பிள்ளைகளுக்குச் சொன்னால் உள்ளபடியே சொல்லுங்கள். 1658இல் ஒல்லாந்தர் கோட்டையைப் பிடித்ததை மறைக்கவேண்டாம். நோபல் பார்க்கில் ஓர் ஒல்லாந்துக்காரி வெள்ளிதோறும் இலை கழுவித் தந்ததையும் விடவேண்டாம். அம்மாவை நல்லவளாக்க நினைத்து, அவ அன்றைக்கு ஏதோ மறுமொழி சொன்னதாக மட்டும் சேர்த்துவிடாதீர்கள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. இலை துளிர்க்கட்டும் என்று காத்திருந்தா.