நாளைக்குக் காலையில் மெக்கானிக் வருவார்

மக்களை எப்படி வரவேற்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித்தரப் போகிறார்கள் என்பதால், இரண்டு நாளைக்கு மக்கள் யாரும் வர வேண்டாம் என்று அலுவலக வாசலில் எழுதி வைத்திருந்தார்கள். கரும்பலகையில் சாக்பீஸ் எழுத்து. "பயிற்சி நடைபெறுகிறது." அதைப் படித்துவிட்டு நான் சத்தமாகச் சிரித்தேன். என்னோடு உள்ளே போன யாரும் சிரிக்கவில்லை. காலையிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு ஊராட்சி ஒன்றிய அலுவலகம் அது. நான் அங்கே ஊர்நல அலுவலர். பெயர்தான் பெரிது. தெருத்தெருவாகப் போய் மாதர் சங்கம் கூட்டுவது, புகையில்லா அடுப்பைப் பற்றியும் சத்துமாவைப் பற்றியும் பேசுவது, திரும்பி வந்து பேசியதை எழுதி வைப்பது, இதுதான் வேலை. நன்னிலம் பக்கம் நடவு நட்டுப் பிழைத்த ஒருத்தியின் மகள் நான். எங்கள் தெருவில் முதன்முதலாக அரசாங்கச் சம்பளம் வாங்கியவளும் நான்தான். ஆபீசில் எனக்கு 'சண்டைக்காரி' என்று பெயர். வைத்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், பொருத்தமான பெயர்தான்.

அந்த வாரம் என் மனசு முழுக்க ஓர் அடிபம்பில் கிடந்தது. மேட்டூர் இன்னும் திறக்கவில்லை. வாய்க்காலில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. சொந்தமாக போர்க் கிணறு வைத்திருந்தவர்கள் மட்டும் முன்பட்டக் குறுவைக்கு நாற்று விட்டிருந்தார்கள். என் பொறுப்பில் இருந்த ஊர்களில் ஒன்றில், அப்படிப் பெரிதாக நாற்று விட்டிருந்த பண்ணைக்காரர் ஒருவர் இருந்தார். நடவுக் கூலியை உயர்த்தித் தந்தால்தான் வயலில் இறங்குவோம் என்று கூலிக்காரத் தெருப் பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள். தெரு முனையில் செங்கொடி ஏறிவிட்டது. பண்ணைக்காரர் பதிலுக்கு ஒன்றும் பேசவில்லை, தன் போரில் அவர்கள் குடம் வைக்கக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டார். தெருவுக்கென்று இருந்தது ஒரே ஓர் அடிபம்பு. அது கெட்டுப்போய்க் கிடந்தது.

கணக்கு எல்லோருக்கும் தெரிந்த கணக்குதான். நாற்று முற்றினால் பண்ணைக்காரருக்கு நஷ்டம். அவரால் சில நாள்தான் பொறுக்க முடியும். தெருவுக்குத் தண்ணீர் இருந்தால் அந்தச் சில நாளை அவர்கள் ஓட்டிவிடுவார்கள், அவர் இறங்கி வந்துதான் ஆக வேண்டும். தண்ணீர் இல்லையென்றால் இவர்கள் இறங்கிப் போக வேண்டும். அடிபம்பைச் சரிசெய்ய வேண்டியது எங்கள் ஆபீஸ். நான் போய்ச் சொன்னபோதெல்லாம் மெக்கானிக், "வாஷர் வரணும் மேடம்" என்றார். வாஷர் வந்ததும், "ட்ரெயினிங் முடியட்டும் மேடம்" என்றார். ஆமாம், அவருக்கும் பயிற்சி.

கூட்ட அறையில் புதிய முதல்வரின் படத்தை மாட்டியிருந்தார்கள். பழைய படம் அதைவிடப் பெரியது போலிருக்கிறது, சுவரில் சுற்றிலும் ஒரு வெள்ளைச் சட்டம் மிச்சம் தெரிந்தது. அதன் கீழே நின்று, சென்னையிலிருந்து வந்த பயிற்சியாளர் பேசினார். கெட்ட மனிதர் இல்லை. வெள்ளைச் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்க, உண்மையான ஆர்வத்தோடுதான் பேசினார். வருகிறவரை நிற்க வைத்துப் பேசாதீர்கள், நாற்காலி கொடுங்கள், தண்ணீர் கொடுங்கள், முகத்தைப் பாருங்கள், எப்போது முடியும் என்று நாள் சொல்லுங்கள். எல்லாம் சரிதான். என் அம்மாவுக்கு இதில் ஒன்றாவது கிடைத்திருந்தால் அவள் எத்தனை சந்தோஷப்பட்டிருப்பாள் என்றுகூட நினைத்தேன். ஆனால் மின்விசிறி சுற்றச் சுற்ற எனக்கு உள்ளே எரிந்தது. அங்கே குடம் காய்கிறது, இங்கே நாங்கள் சிரிக்கப் பழகிக்கொண்டிருக்கிறோம்!

மதியத்துக்குமேல் நடித்துக் காட்டும் பயிற்சி. ஒருவர் அதிகாரி, ஒருவர் மனுக் கொடுக்க வந்தவர். எங்கள் ஆட்களைப் பார்க்க வேண்டுமே! மனுக் கொடுப்பவராக நடிக்கப் போன ஒவ்வொருவரும், யாரும் சொல்லாமலே, தோளில் இல்லாத துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு முதுகைக் கூன் போட்டார். அறையே சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏன் சார், நிமிந்து நின்னு கேட்டா மனு ஆகாதா?" என்று கேட்டேன். "இந்தம்மா ஆரம்பிச்சுட்டாங்கப்பா" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

அப்போதுதான் பயிற்சியாளர் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே, வெயிலில், ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். எங்கள் ஆபீசில் அப்படி ஒரு வழக்கம். கூலிக்காரத் தெருக்களிலிருந்து வருகிறவர்கள் வாசல் வழியாக வர மாட்டார்கள். பின்பக்கம் சுற்றி வந்து ஜன்னலோரம் நின்று, உள்ளே இருக்கிறவர் நிமிரும்வரை காத்திருப்பார்கள். வரக் கூடாது என்று யாரும் சட்டம் போட்டதில்லை, வாங்க என்று யாரும் சொன்னதுமில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வாசல் வழியாக வாங்க என்று கத்திப் பார்த்தேன். என்னைப் பார்க்கும்போது வாசலில் வருவார்கள். மற்றவர்களைப் பார்க்க ஜன்னல்தான்.

அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். அந்தத் தெருவின் நடவுப் பெண்களைச் சேர்த்து வயலுக்குக் கூட்டிப்போகிறவள். கூலிப் பேச்சிலும் முன்னால் நின்றவள் அவள்தான். பலகையில் எழுதியிருந்ததை அவளால் படிக்க முடியாது. படித்திருந்தாலும் வந்திருப்பாள்.

"உண்மையான மனுதாரரே வந்திருக்காங்களே! உள்ள வாங்கம்மா, வாசல் வழியா வாங்க" என்றார் பயிற்சியாளர். அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். ஆட்டாமல் வேறென்ன செய்வது, நான் விரும்பியதும் அதுதானே.

எங்கள் ஆபீசுக்கே பெரியவரான பி.டி.ஓ.வை அதிகாரியின் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவள் எதிர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். ஒருவர் ஓடிப்போய் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவள் முழுவதையும் குடித்தாள். எல்லோர் முன்னாலும் அப்படிக் குடித்துவிட்டோமே என்று வெட்கப்பட்டு வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"சொல்லுங்கம்மா, என்ன பிரச்சினை?" என்றார் பி.டி.ஓ. முகத்தைப் பார்த்து, சிரித்துக்கொண்டு.

அவள் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. அடிபம்பு கெட்டது, போரில் விடாதது, பிள்ளைகளை வைத்துக்கொண்டு அடுத்த ஊருக்கு நடப்பது. "இன்னும் கொஞ்ச நாளு தாங்குனோம்னா கூலி கெடைச்சுருங்க. தண்ணிதாங்க இல்ல" என்றாள்.

"நாளைக்குக் காலையில மெக்கானிக் உங்க தெருவுல வந்து நிப்பாரும்மா. நான் சொல்றேன். நிம்மதியா போயிட்டு வாங்க" என்றார் பி.டி.ஓ. வாசல்வரை எழுந்து போய் வழியனுப்பவும் செய்தார். அறை முழுக்கக் கை தட்டியது. நானும் தட்டினேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்வானேன். அடேயப்பா, பயிற்சி வேலை செய்கிறதே என்று நினைத்தேன்.

மறுநாள் காலை கூட்ட அறைக்குள் போனால், முதல் வரிசையில் மெக்கானிக் தலைவாரி, பவுடர் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

"இங்க என்ன பண்றீங்க? பம்பு?"

"எந்த பம்பு மேடம்?"

"நேத்து பி.டி.ஓ. சொன்னாரே!"

"அது ட்ரெயினிங்ல சொன்னது மேடம். ட்ரெயினிங்ல சொன்னதுக்கு யாராச்சும் ஸ்பேனரத் தூக்குவாங்களா?"

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று பார்த்தேன். இல்லை. நேராக பி.டி.ஓ. அறைக்குப் போனேன். அவர் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "நேத்து அந்தம்மா நல்லா பண்ணுச்சு இல்ல? நீங்கதான் ஏற்பாடு பண்ணினதா, இல்ல அந்த மெட்ராஸ் சாரா?" என்று கேட்டார்.

ஒரு மனுஷி தண்ணீர் இல்லை என்று அழாத குறையாகச் சொல்லியிருக்கிறாள். இவர்கள் அதை நடிப்பு என்று நினைத்து ரசித்திருக்கிறார்கள். குடித்த தண்ணீரும் நடிப்பு!

"சார், அது ஏற்பாடு இல்ல. அந்தம்மா நெசமாவே வந்தாங்க. நெசமாவே பம்பு ஓடல."

அவர் முகம் கொஞ்சம் மாறியது. மோசமானவர் என்று சொல்ல மாட்டேன், உண்மையிலேயே சங்கடப்பட்டார். "அடடா. சரி, மத்தியானம் சர்டிபிகேட் கொடுக்கப் பெரிய ஆபீசர் வர்றாரு. ஸ்டாஃப் முழுக்க இருக்கணும்னு ஆர்டர். அது முடிஞ்ச உடனே அனுப்பிடுவோம்" என்றார்.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று முழுக்க நினைவில்லை. "தண்ணிக்கு சர்டிபிகேட் தருவீங்களா சார்?" என்று கேட்டது மட்டும் நினைவிருக்கிறது. பயிற்சியாளர் ஓடிவந்து, மேலதிகாரியிடம் கோபத்தை எப்படி வெளிப்படுத்த வேண்டும் என்று மெதுவாக எனக்கு விளக்க ஆரம்பித்தார். நான் அவர் முகத்தைப் பார்க்காமலே வராந்தாவுக்கு வந்துவிட்டேன். அங்கே நடந்தேன். இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தேன். ஸ்பேனர் எடுக்கத் தெரிந்திருந்தால் நானே போயிருப்பேன். என் படிப்பில் அதை யாரும் சொல்லித்தரவில்லை.

பெரிய ஆபீசர் தாமதமாக வந்தார். மாலை, பொன்னாடை, உரை, போட்டோ. என் சான்றிதழை நான் போய் வாங்கவில்லை. கடைசிக் கைதட்டல் ஓய்வதற்குள் மெக்கானிக்கின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிளம்பினேன். "விடுங்க மேடம், வர்றேன், வர்றேன். சண்டைக்காரின்னு சும்மாவா சொன்னாங்க" என்று புலம்பிக்கொண்டே பையை எடுத்தார். அவருடைய மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து, மடியில் குழாய்ச் சாவியை வைத்துக்கொண்டு போனேன்.

தெருவுக்குள் நுழைந்தோம். கொடி இருந்தது, கூட்டம் இல்லை. பெண்களின் கால்களில் முழங்கால்வரை சேறு காய்ந்திருந்தது. நடவு நட்டுவிட்டு வந்திருக்கிறார்கள்.

மெக்கானிக் வேலையைத் தொடங்கினார். வாஷரை மாற்றினார். பிடியை நாலு தரம் அடித்ததும் பம்பு இருமியது, பிறகு தண்ணீர் கொட்டியது. அவ்வளவுதான் வேலை. ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

வரிசையில் நின்ற ஒருத்தியிடம் என்ன நடந்தது என்று கேட்டேன். முதல் நாள் சாயங்காலமே பண்ணைக்காரரிடமிருந்து ஆள் வந்ததாம். கேட்டதில் பாதி உயர்வு தருகிறேன், போரில் தண்ணீரும் பிடித்துக்கொள்ளுங்கள் என்று. ஒப்புக்கொள்ளலாம் என்று பாதித் தெரு சொல்லியிருக்கிறது. அப்போதுதான் ஜன்னலில் நின்ற அந்த நடவுக்காரி எங்கள் ஆபீசிலிருந்து திரும்பியிருக்கிறாள். "நாளைக்குக் காலையில மெக்கானிக் வர்றாரு. பி.டி.ஓ. என் மூஞ்சியப் பாத்துச் சொன்னாரு. நம்ம எதுக்குப் பாதிக்கு எறங்கணும்?" என்று சொல்லியிருக்கிறாள். வந்த ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். காலையில் மெக்கானிக் வரவில்லை. வெயில் ஏற ஏறப் பிள்ளைகள் சுருண்டுவிட்டன. இவர்களாகப் போய்ப் பண்ணை வாசலில் நின்றபோது, பாதியும் கிடையாது, பழைய கூலிதான் என்று சொல்லிவிட்டார். இறங்கிவிட்டார்கள்.

நடவுக்காரி வரிசையின் கடைசியில் குடத்தோடு நின்றாள். அவளுக்கும் அவளுக்கு முன்னால் நின்றவளுக்கும் நடுவில் இன்னும் நாலு பேர் நிற்கலாம், அவ்வளவு இடைவெளி. யாரும் அவளோடு பேசவில்லை. நான் கிட்டே போனேன்.

"என் பேச்சக் கேட்டுத்தான் எல்லாம் போச்சுங்கிறாங்கம்மா. ஆபீசுக்கே போகல, சும்மா கத கட்டிட்டேன்னு நெனைக்கிறாங்க போல" என்றாள். "நீங்க இருந்தீங்கல்ல. நான் பொய் சொல்லலைன்னு மட்டும் ஒரு வார்த்த சொல்லுங்க. போதும்."

எனக்கு வேலை போனாலும் பரவாயில்லை என்று ஆகிவிட்டது. பம்பு மேடையில் ஏறி நின்றேன். மெக்கானிக், "மேடம், வேணாம் மேடம்" என்றார்.

"எல்லாரும் கேளுங்க. இவங்க ஆபீசுக்கு வந்தாங்க. நான் பாத்தேன். நாற்காலி போட்டு உக்கார வச்சு, நாளைக்குக் காலையில மெக்கானிக் வருவாருன்னு பி.டி.ஓ. சொன்னாரு. இவங்க பொய் சொல்லல. நாங்கதான் சொன்னோம். கவர்மெண்டு ஆபீசுதான் பொய் சொல்லுச்சு."

தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவள் அடிப்பதை நிறுத்தினாள். வரிசையின் நடுவில் நின்ற வயதான பெண் ஒருத்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபம்கூட இல்லை அவள் முகத்தில்.

"எறங்குங்கம்மா, வழுக்கும்" என்றாள். "இவ ஆபீசுக்குப் போனது எங்களுக்குத் தெரியாதா? நீங்க பொய் சொன்னதுந்தான் தெரியாதா? உங்க ஆபீசுல சொன்னா நடக்காதுன்னு கைப்புள்ளைக்கும் தெரியும். அத்தன வருசமா சன்னல்ல நின்னவளுக்குத் தெரியாதா? அவளே சொல்றாளேன்னுதான் நாங்களும் வந்த ஆளத் திருப்பி அனுப்புனோம். ஒரு நாள் நாக்காலியில உக்காந்ததும் நம்பிட்டு வந்துட்டாளே. அதத்தாம்மா எங்களால தாங்க முடியல."

நடவுக்காரி அதுவரை அழவில்லை. அப்போதுதான் அழுதாள்.